பதினெட்டாவது கிலோமீட்டருக்கு ஏற்ற காலணி

ஓட்டக் காலணி வாங்கப் போகிறவர்களில் பலர் காலை உள்ளே நுழைத்து, நின்ற இடத்திலேயே இரண்டு முறை எம்பிக் குதித்து, பத்தடி நடந்து பார்த்துவிட்டு, எது அதிகம் மெத்தென்று இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இதனால் பெரிய நட்டம் ஒன்றும் வந்துவிடாது. வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நிதானமாக ஓடுகிறவருக்கோ, அந்த முதல் நிமிடத்துச் சுகம் காலணியைப் பற்றி ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை. நெடுந்தூர ஓட்டத்துக்கான காலணியை அந்த ஓட்டத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. தொடை களைத்து, அடிவைப்பு தளர்ந்து, பாதமும் சற்று வீங்கிவிட்ட நிலையில் அந்தக் காலணி நம்மை எப்படித் தாங்குகிறது என்பதைக் கடையில் நிற்கும்போதே ஓரளவு ஊகித்துக்கொள்ள முடியும். அதற்கு எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிதான ஓட்டம் என்பது, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். பலருக்கு இது அவர்களுடைய பத்துக் கிலோமீட்டர் போட்டி வேகத்தைவிட, கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ மெதுவாக இருக்கும். தாங்குதிறன் விளையாட்டு வீரர்களின் பயிற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், முன்னணி வீரர்களே தங்கள் பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தை இப்படிக் குறைந்த தீவிரத்தில்தான் செய்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். ஆகவே நாம் வைத்திருக்கும் காலணிகளில் அதிகத் தூரம் உழைக்கப்போவது பளபளப்பான போட்டிக் காலணி அல்ல, இதுதான். நிமிடத்துக்கு 165 அடிகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 10,000 முறை தரையைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான விசை பாதத்தின் வழியாக ஏறுகிறது. மெதுவாக ஓடும்போது பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது என்பதையும், பெரும்பாலானோர் அப்போது குதிகாலைத்தான் முதலில் பதிக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேகப் பயிற்சியில் முன்பாதத்தில் துள்ளிப் போகும் அதே மனிதர், நிதான ஓட்டத்தில் குதிகாலை நம்பி இறங்குகிறார். ஒரே ஜோடியை எல்லாவற்றுக்கும் போட்டு ஓடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படாமலே போய்விடுகிறது.

மெத்தைத் தன்மை என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் தனித்தனியான மூன்று பண்புகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, பாதத்துக்கும் தரைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பது. இரண்டாவது, மிட்சோல் எனப்படும் அந்த ஃபோம் அடுக்கு எவ்வளவு எளிதில் அமுங்குகிறது என்பது. மூன்றாவது, அமுங்கிய பிறகு எவ்வளவு ஆற்றலைத் திருப்பித் தருகிறது என்பது. உயரமான காலணி மிருதுவாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை; மிருதுவான காலணி துள்ளலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விரலால் அமுக்கினால் கல்லைப் போல் இருக்கும் சில காலணிகள், 40 மில்லிமீட்டர் உயரம் இருப்பதாலேயே இரண்டாவது மணி நேரத்தில் காலைக் காப்பாற்றுகின்றன. நேர்மாறாக, தாழ்வாகவும் மிக மிருதுவாகவும் செய்யப்பட்டவை, உடல் எடை முழுவதும் இறங்கும்போது அடிவரை அமுங்கிப்போய், அதற்குமேல் கொடுப்பதற்கு எதுவும் இல்லாமல் தரையின் கடினத்தையே காலுக்குக் காட்டிவிடுகின்றன. குறிப்பாக உடல் எடை கூடியவர்கள் இந்த இரண்டாவது வகையிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இந்தப் பண்புகள் ஒன்றுக்கொன்று விலகிப் போனதற்கு ஃபோமின் வரலாறே காரணம். 1970களில் ஈவிஏ என்ற ஃபோம் ஓட்டக் காலணிக்குள் வந்தது. அதன் பிறகு நெடுங்காலம், காற்றுப் பைகளும் ஜெல் துண்டுகளும் ஒட்டப்பட்டதைத் தவிர, அடிப்படைப் பொருள் பெரிதாக மாறவில்லை. ஏசிக்ஸ் நிறுவனம் தன் ஜெல்லை அறிமுகப்படுத்தியது 1986இல். ஈவிஏயில் உயரத்தைக் கூட்டினால் எடையும் கூடும் என்பதால், தயாரிப்பாளர்கள் ஓர் எல்லைக்கு மேல் போகத் தயங்கினார்கள். 2009இல் பிரான்சில் தொடங்கப்பட்ட ஹோக்கா நிறுவனம், எடை குறைந்த ஃபோமைத் தாராளமாக அடுக்கி, பாதத்தை அதன் மேல் வைக்காமல் அதற்குள் சற்று இறக்கி வைத்து, அந்தத் தயக்கத்தை உடைத்தது. வேடிக்கை என்னவென்றால், வெறுங்காலோடும் மெல்லிய அடித்தளத்தோடும் ஓடுவதே இயற்கை என்ற இயக்கம் உலகெங்கும் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். அந்த அலை சில ஆண்டுகளில் வடிந்துவிட்டது. தடித்த அடித்தளமோ இன்று எல்லா நிறுவனங்களின் அலமாரியிலும் நிற்கிறது.

அடுத்து பொருளே மாறியது. அடிடாஸ் 2013இல், டிபியு என்ற பிளாஸ்டிக் மணிகளை வெப்பத்தால் ஒன்றாக உருக்கிச் சேர்த்த பூஸ்ட் ஃபோமைக் கொண்டுவந்தது. நைக்கி 2017இல் வேப்பர்ஃப்ளை என்ற போட்டிக் காலணியில் பெபா என்ற, எடை குறைந்த, துள்ளல் மிக்க ஃபோமைப் பயன்படுத்தியது. அந்தக் காலத்து ஆய்வக அளவீடு ஒன்றில், அமுக்கப்பட்ட ஆற்றலில் ஈவிஏ காலணி ஏறத்தாழ 66 சதவீதத்தையும், பூஸ்ட் காலணி 76 சதவீதத்தையும், பெபா காலணி 87 சதவீதத்தையும் திருப்பித் தந்தன. இந்த எண்களைப் பார்த்தவுடன் நிதான ஓட்டத்துக்கும் பெபாவே வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த ஆய்வில் பெபா காலணியால் ஓட்டக்காரருக்குக் கிடைத்த, ஏறத்தாழ 4 சதவீத ஆற்றல் மிச்சம், மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வரையிலான வேகங்களில் தேர்ந்த ஓட்டக்காரர்களிடம் அளக்கப்பட்டது. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, அதே குடும்பத்தைச் சேர்ந்த போட்டிக் காலணியை மெதுவான வேகங்களில் சோதித்தபோது, மணிக்கு 12 கிலோமீட்டரில் 1.4 சதவீதமும், 10 கிலோமீட்டரில் 0.9 சதவீதமும்தான் சராசரியாக மிஞ்சின. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிக அதிகம். அதுவும் போக, நிதான ஓட்டத்தின் நோக்கமே ஆற்றலை மிச்சம் பிடிப்பதல்ல. உடல் அந்த உழைப்பைச் செய்து பழகுவதற்காகத்தான் நாம் ஓடுகிறோம். எனவே ஆற்றலைத் திருப்பித் தருவது என்ற மூன்றாவது பண்பை, இந்த வகைக் காலணியைப் பொறுத்தவரை, நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். பெபாவுக்கு வேறொரு நன்மை உண்டு: குறைந்த எடையில் நிறைய உயரம் கிடைக்கிறது, குளிரில் ஈவிஏ அளவுக்கு இறுகுவதும் இல்லை. அதற்காக வாங்குவதில் தவறில்லை. ஃபோமுக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்ததை மட்டும் போட்டி நாளுக்கு விட்டுவிடலாம்.

காயத்தைத் தடுக்குமா என்ற கேள்விக்கு விற்பனையாளர்கள் எப்போதும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். ஆய்வுகள் சொல்வது அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. லக்ஸம்பர்கில் 848 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு, தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்த கடினமான காலணியையோ மிருதுவான காலணியையோ சீட்டுக் குலுக்கல் முறையில் கொடுத்து, ஆறு மாதங்கள் கண்காணித்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, கடினமான காலணி அணிந்தவர்களுக்குக் காய வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. இதில் யாரும் எதிர்பாராத ஒரு முடிவும் இருந்தது. மிருதுவான காலணியால் தெளிவாகப் பயன்பெற்றவர்கள் எடை குறைந்தவர்கள். எடை கூடியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. கனமானவருக்குத்தான் அதிக மெத்தை வேண்டும் என்று நாம் எல்லோரும் காலங்காலமாகச் சொல்லிவந்த அறிவுரைக்கு இது நேர் எதிரானது. மற்றொரு பக்கம், ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், மிகத் தடித்த காலணியில் ஓடியவர்களின் கால்கள், குறிப்பாக வேகம் கூடியபோது, வழக்கமான காலணியில் ஓடியபோது இருந்ததைவிட விறைப்பாக இறங்கின. மோதல் விசையும் குறையாமல் கூடியது.

இவை இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக நான் நினைக்கவில்லை. ஓடும்போது கால் தன் விறைப்பைத் தானே மாற்றிக்கொள்கிறது. கீழே தரை இளகினால் முழங்காலும் கணுக்காலும் சற்று இறுகும். தரை இறுகினால் அவை இளகும். இந்த இணக்கத்தைச் செய்வது தசைகள். களைத்த தசைகளால் அதைச் சரிவரச் செய்ய முடிவதில்லை. அதனால்தான் ஆய்வகத்தில் சில நிமிட ஓட்டத்தில் கிடைக்கும் மோதல் விசைக் கணக்கைவிட, மாதக்கணக்கில் ஓடியவர்களிடம் காணப்பட்ட முடிவு நம் தேவைக்கு அதிகம் பொருந்துகிறது. மிதமான மிருதுத்தன்மை பயன் தருகிறது. அது கூடக்கூடப் பயனும் கூடிக்கொண்டே போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த அளவில் நின்றுகொள்வதே நேர்மை என்று படுகிறது.

மிருதுத்தன்மைக்கு ஓர் எல்லை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு மோதல் விசையைவிட நிலைப்பாடுதான் முக்கியக் காரணம். கட்டில் மெத்தையின் மேல் ஒற்றைக் காலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கணுக்கால் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று. ஓட்டம் என்பதே ஒற்றைக் காலிலிருந்து மற்ற ஒற்றைக் காலுக்குத் தாவுவதுதான். முதல் அரை மணி நேரத்தில் கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் இந்த ஆட்டத்தைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். பதினைந்து, பதினெட்டுக் கிலோமீட்டருக்குப் பிறகு பாதம் உள்பக்கமாகச் சரியத் தொடங்குகிறது. பாத வளைவின் ஓரத்தில் ஒரு சோர்வு, முழங்காலின் உள்பக்கத்தில் மெல்லிய வலி என்று அது வெளிப்படுகிறது. காலணி அப்போதும் மெத்தென்றுதான் இருக்கும். குறை எங்கே என்று தெரியாமல், இன்னும் மிருதுவானதைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிலைப்பாட்டைக் கடையிலேயே கண்ணால் சோதிக்கலாம். காலணியை மேசையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். மேல்பக்கம் குதிகால் உட்காரும் இடத்தைவிட, தரையைத் தொடும் அடிப்பக்கம் இருபுறமும் அகன்று இருக்க வேண்டும். உயரம் கூடக்கூட இந்த அகலமும் கூட வேண்டும். பிறகு கவிழ்த்து, நடுப்பகுதியைப் பாருங்கள். சில காலணிகள் அங்கே உட்குழிந்து ஒடுங்கியிருக்கும். சில நேராக அகலமாக ஓடும். களைத்த காலுக்கு இரண்டாவதே நல்லது. அடுத்து உள்ளே கையை விட்டு, இன்சோலை, அதாவது பாதத்துக்கு அடியில் கிடக்கும் கழற்றக்கூடிய மெல்லிய அட்டையைத் தூக்கிவிட்டு, மிட்சோலின் ஓரம் பாதத்தைச் சுற்றி ஒரு விளிம்பு போல் எழும்புகிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படி எழும்பியிருந்தால் பாதம் தட்டின் மேல் நிற்காமல் கிண்ணத்துக்குள் நிற்கிறது என்று பொருள். உயரமான காலணிகளில் பாதம் பக்கவாட்டில் சறுக்காமல் இருப்பதற்கு இந்த விளிம்பு பெரிதும் உதவுகிறது. கடைசியாகப் பெருவிரலால் பக்கச் சுவரை உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் அமுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு அமுங்குகிறதா, அமுக்கிய சுருக்கம் உடனே மறைகிறதா என்று கவனியுங்கள்.

நிலைப்பாடு என்றவுடன், பாதம் உள்ளே சாய்கிறவரா என்று நடக்கவைத்துப் பார்த்து, உள்பக்கம் கடினமான கட்டை வைத்த காலணியைக் கையில் திணிக்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு, அவர்கள் பாதம் எந்த வகை என்று பாராமல், ஒரே வகையான சாதாரணக் காலணியைக் கொடுத்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். மிதமாக உள்ளே சாயும் பாதம் கொண்டவர்களுக்குக் கூடுதல் காயம் வந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. ஈரப் பாதத்தின் தடத்தைத் தாளில் பதித்துக் காலணி வகையை முடிவு செய்வதற்கு இன்று பெரிய மதிப்பில்லை. ஏற்கெனவே அப்படிப்பட்ட காலணியில் வலியின்றி ஓடிக்கொண்டிருக்கிறவர் அதை மாற்ற வேண்டியதும் இல்லை.

டிராப் என்பது குதிகால் பகுதியின் உயரத்துக்கும் முன்பாதத்தின் உயரத்துக்கும் உள்ள வேறுபாடு. பழைய வழக்கப்படி 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருந்தது. இப்போது 4, 6, 8 என்று பலவாறாகக் கிடைக்கிறது. ஆல்ட்ரா போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் சுழியமே வைக்கின்றன. டிராப் குறைந்தால் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நகர்கிறது. கூடினால் முழங்காலுக்கு நகர்கிறது. இதில் நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை. உங்கள் பழைய வலி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் மிக மிருதுவான ஃபோமில் இந்த எண்ணே சற்று ஏமாற்றும். குதிகால் பகுதி ஆழமாக அமுங்கிவிட்டால், 8 மில்லிமீட்டர் என்று அச்சிடப்பட்ட காலணி ஓடும்போது அதைவிடக் குறைவாகவே வேலை செய்யும். தசைநாண் தொல்லை உள்ளவர்கள், குறைந்த டிராப்பும் மிக மிருதுவான குதிகாலும் சேர்ந்து வரும் காலணியைத் தவிர்ப்பதே நல்லது. டிராப்பில் பெரிய மாற்றம் செய்கிறவர்கள் முதல் சில வாரங்கள் குறுகிய ஓட்டங்களுக்கு மட்டும் புதியதைப் போட வேண்டும்.

தடித்த அடித்தளம் வளையாது. ஆகவே, படகின் அடியைப் போல் முன்னும் பின்னும் வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். பாதம் மடங்குவதற்குப் பதில் உருண்டு போகிறது. பெருவிரல் மூட்டில் விறைப்போ வலியோ உள்ளவர்களுக்கு இது பெரும் ஆறுதல். சிலருக்கு மட்டும் அந்த உருளும் இடம் அவர்களுடைய பாதத்தின் மடிப்புக் கோட்டுக்குப் பின்னால் விழுந்துவிடுவதால், யாரோ பின்னாலிருந்து தள்ளுவதைப் போல் இருக்கும். அந்த உணர்ச்சி பழகிவிடும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இவ்வளவு நேரம் ஃபோமைப் பற்றிப் பேசினாலும், இரண்டு மணி நேர ஓட்டங்களைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபோம் அல்ல, அளவுதான். நெடுநேரம் ஓடும்போது பாதம் வீங்குகிறது, வளைவு சற்றுத் தாழ்ந்து பாதம் நீள்கிறது. முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும் என்பது பழைய விதி. நெடுந்தூரத்துக்கு அதை நான் சலுகையில்லாத குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்வேன். நகம் கறுத்துப்போவதைச் சிலர் மாரத்தான் ஓடியதற்கான பதக்கம் போல் காட்டுவார்கள். அது பெரும்பாலும், இறக்கத்தில் விரல்கள் முன்சுவரில் ஆயிரக்கணக்கான முறை மோதியதன் விளைவு. நடைக் காலணியின் அளவைவிட அரை எண் பெரியது தேவைப்படுவது மிகச் சாதாரணம். இரண்டு பாதங்களும் ஒரே நீளமாக இருப்பது அரிது. பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

நீளத்தைவிட அகலம் அதிகம் புறக்கணிக்கப்படுகிறது. விரல்பகுதி நெருக்கமாக இருந்தால், பலர் ஓர் எண் பெரியதை எடுத்துச் சமாளிக்கிறார்கள். அப்போது முன்னே இடம் கிடைக்கும். ஆனால் குதிகால் தளர்ந்துபோய், காலணி வளைய வேண்டிய இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். சரியான வழி, அதே எண்ணில் அகலமானதைத் தேடுவது. ஆண்களுக்கு வழக்கமான அகலம் டி என்றும், அகலமானது 2ஈ என்றும், மிக அகலமானது 4ஈ என்றும் குறிக்கப்படும். பெண்களுக்கு வழக்கமானது பி, அகலமானது டி. எந்தக் கடைக்காரரும் இதைத் தானாக எடுத்துச் சொல்வதை நான் அதிகம் கண்டதில்லை, கேட்டால் பின்னறையிலிருந்து எடுத்து வருவார்கள். அகலம் போதுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் முழு எடையோடு நில்லுங்கள். சுண்டுவிரலோ பாதத்தின் ஓரமோ அதன் விளிம்பைத் தாண்டி வழிந்தால், மேல்துணி எவ்வளவு நெகிழ்ந்து கொடுத்தாலும் பதினைந்தாவது கிலோமீட்டரில் அந்த இடம் எரியும்.

குதிகால் மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். உயரமான காலணியில் குதிகால் கொஞ்சம் எழும்பினாலும் மேலே சொன்ன தள்ளாட்டம் இரட்டிப்பாகும். கணுக்காலுக்கு அருகே கடைசியாக இருக்கும் துளையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, பின்பக்கமாக இழுத்துக் கட்டினால், முன்பாதத்தை இறுக்காமலே குதிகால் பூட்டப்பட்டுவிடும். பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறவர்கள், மரத்துப்போகும் இடத்துக்கு நேரே ஒரு துளைவரிசையில் மட்டும் லேஸைக் குறுக்காகப் போடாமல் விட்டுப் பார்க்கலாம். பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அல்லது ஓடி முடித்த பிறகு, ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போட்டுப் பார்ப்பதும் முக்கியம்.

எடையைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். ஒரு காலணிக்கு 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. நிதான ஓட்டத்தில் இந்த ஒரு சதவீதம் யாருக்கும் எந்தப் பதக்கத்தையும் தட்டிப்பறிக்கப் போவதில்லை. தரையைத் தொடும் ரப்பர் போதுமான அளவுக்கு இருப்பதற்காக 20 கிராம் கூடினால், நான் அதை வரவேற்பேன். எடையைக் குறைக்க வெறும் ஃபோமையே தரையில் உரசவிடும் காலணிகள் குதிகாலின் வெளிப்புறத்தில் விரைவில் தேய்ந்து சாய்ந்துவிடுகின்றன. சாய்ந்த பிறகு அவற்றில் நிலைப்பாட்டை எதிர்பார்க்க முடியாது.

பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு: ஹோக்காவின் பாண்டி, ஏசிக்ஸின் ஜெல் நிம்பஸ், ப்ரூக்ஸின் கிளிசரின், நியூ பேலன்ஸின் 1080, சாக்கனியின் ட்ரையம்ஃப், நைக்கியின் வொமெரோ ஆகியவை எல்லாம் நிதான நெடுந்தூர ஓட்டத்துக்கான குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். இவற்றில் எது சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன்; சொன்னாலும் பயன் குறைவு. ஒரே பெயரில் வரும் காலணி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. 2023இல் வந்த நிம்பஸ் 25, முந்தைய 24இலிருந்து உயரத்திலும் ஃபோமிலும் தோற்றத்திலும் அவ்வளவு விலகிப்போயிருந்தது. பெயர்ப்பலகையை மறைத்துக் காட்டினால் இரண்டும் உறவு என்றே தெரியாது. போன முறை வாங்கியது பிடித்திருந்தது என்பதற்காக அடுத்த பதிப்பைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவது, முன்பின் தெரியாத காலணியை வாங்குவதற்குச் சமம். பிடித்த பதிப்பு ஒன்று கிடைத்துவிட்டால், அது கடைகளிலிருந்து மறைவதற்குள் இன்னொரு ஜோடி எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் விவரமானவர்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது மட்டும் வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் பசையும் ஃபோமும் மூப்படைகின்றன.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு, இரண்டு மூன்று ஜோடிகள் தகுதியானவையாக மிஞ்சும். அங்கே, உடலியக்க ஆய்வாளர் பென்னோ நிக் 2015இல் முன்வைத்த கருத்து கைகொடுக்கிறது: வசதியாக உணரும் காலணியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓட்டக்காரர் தனக்குப் பொருந்தும் இயக்கத்தையே தேர்ந்தெடுக்கிறார் என்பது அவர் வாதம். இது எம்பிக் குதித்துப் பார்க்கும் பழைய முறையின் பக்கமே நம்மைத் திருப்பிவிடுவதாகத் தோன்றலாம். எந்த நேரத்து வசதி என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. கடை அனுமதித்தால் ஐந்து நிமிடமாவது, அதுவும் உங்கள் நிதான வேகத்தில், ஓடிப் பாருங்கள். புதுக் காலணி கொடுக்கும் உற்சாகத்தில் எல்லோரும் வேகமாகத்தான் ஓடிக் காட்டுவார்கள். ஒரு காலில் ஒன்று, மறு காலில் மற்றொன்று என்று போட்டு ஓடினால் வேறுபாடு சட்டென்று தெரியும். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று, முழங்காலைச் சற்று மடக்கி எழுந்து பாருங்கள். கணுக்கால் ஆடிக்கொண்டே இருந்தால் அந்தக் காலணி எவ்வளவு சுகமாக இருந்தாலும் கீழே வைத்துவிடலாம். முடிந்தால் ஒரு நெடிய ஓட்டம் முடித்த அதே நாளில் கடைக்குப் போங்கள். களைத்த கால் பொய் சொல்லாது.

வாங்கிய பிறகு, ஒரே ஜோடியை நாள்தோறும் போடாமல், வேறு தன்மையுள்ள மற்றொன்றோடு மாற்றி மாற்றி ஓடுவது நல்லது. லக்ஸம்பர்க் குழுவினரே 264 பேரை 22 வாரங்கள் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி அணிந்தவர்களிடம் காய வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. அது சீட்டுக் குலுக்கிச் செய்த சோதனை அல்ல என்பதால், காலணியை மாற்றியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே இடத்தில் ஒரே சுமை விழாமல் பரவுகிறது என்ற விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு மாற்றுவது என்பதற்கு 500 முதல் 800 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த எண்ணை உடல் எடையும், ஃபோமும், ஓடும் தரையும் மாற்றிவிடும். அடியில் ரப்பர் புதிது போல் இருக்கும்போதே ஃபோம் செத்துப்போயிருக்கலாம். பக்கச் சுவரில் கிடைமட்டமான சுருக்கங்கள் விழுந்து, காலணியைக் கழற்றி மறுநாள் பார்த்தாலும் அவை மறையாமல் இருந்தால், அந்த இடத்தில் ஃபோமின் நுண்ணறைகள் நசுங்கிவிட்டன. இடது காலணியையும் வலது காலணியையும் மேசையில் பின்பக்கமாக வைத்து, ஏதாவது ஒன்று உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் நெடுந்தூரத்துக்கு அதை உடனே நிறுத்திவிடலாம். நனைந்தால் தாளைத் திணித்து நிழலில் காயவிட வேண்டும். வெயில் நேரடியாக விழும் இடத்திலோ, மூடிய காருக்குள்ளோ வைத்தால் ஃபோமும் பசையும் விரைவில் கெடும். நெடிய ஓட்டத்திலிருந்து ஓய்வு கொடுத்த ஜோடியை நடப்பதற்கும் கடைகண்ணிக்கும் இன்னும் பல மாதங்கள் போட்டுக்கொள்ளலாம், சாய்வு கூடாதவரை.